கோரைக்கு இருபது நாள் கணக்கு

ஒரு மழை பெய்து நாலு நாள் கழித்து, பாலக்காட்டுக்குக் கிழக்கே தமிழ்நாட்டு எல்லையோரத்திலுள்ள வேலந்தாவளம், ஒழலப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் எந்தத் தோட்டத்துக்குள் இறங்கினாலும் விதைத்த பயிருக்கு முன்னால் கோரை எழுந்து நிற்கும். கடலை மண்ணை முட்டிக்கொண்டிருக்கும்போதே கோரை விரல் நீளம் வந்திருக்கும். ஆள் விட்டுச் சுத்தமாகப் பிடுங்கிக் கூலி கொடுத்தனுப்பினால், பத்தாம் நாள் மறுபடி அதே பச்சை. "இதெல்லாம் சாகாதுங்க" என்று கைவிட்டவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏராளம். சாகும். ஆனால் ஒரே உழவில் சாகாது, ஒரே மருந்தில் சாகாது. நாள் எண்ணி வேலை செய்தால் இரண்டு வருஷத்தில் காடு, அதாவது நாம் உழுகிற நிலம், பயிருக்குத் திரும்பும்.

முதலில் ஆளைச் சரியாகப் பிடிக்க வேண்டும், ஏனென்றால் கோரை என்ற பேரில் நாலைந்து செடி உண்டு. நெல் வயலில் வரும் வட்டக்கோரையும் ஊசிக்கோரையும் ஒரு போகத்துச் செடிகள். விதையில் முளைத்து விதை போட்டுச் செத்துவிடும். பிடுங்கினால் வேர்க்கற்றை மட்டும் வரும், கிழங்கு இருக்காது. பாய் நெய்கிற கோரை வேறு. நம்மைப் படுத்துவது கிழங்குக்கோரை. சித்த வைத்தியத்தில் முத்தக்காசு, மலையாளத்தில் முத்தங்ஙா, தாவரவியலில் சைப்ரஸ் ரொட்டன்டஸ். குழந்தைக்கு வயிறு கெட்டால் மலையாள வீடுகளில் மோரில் அரைத்துக் காய்ச்சிக் கொடுப்பதும், நம் வீடுகளில் நலங்கு மாவுக்கு இடிப்பதும் இதன் கிழங்கைத்தான். கடையில் காசு கொடுத்து வாங்குகிற சரக்கு, காட்டில் இனாமாகக் கிடைத்து நம்மை அழவைக்கிறது.

பூத்தண்டை இரண்டு விரலுக்கிடையில் வைத்து உருட்டிப் பாருங்கள், உருளாது. மூன்று பட்டை இருக்கும். புல்லுக்குத் தண்டு உருண்டையாக, கணு வைத்து இருக்கும். கோரைக்குக் கணு கிடையாது, இலைகள் மூன்று வரிசையாகக் கிளம்பும். இலை கரும்பச்சை, மினுமினுப்பு, நடுவில் ஒரு வாய்க்கால். பூ செம்பழுப்பு. பூ வைக்கோல் மஞ்சளாக இருந்து, கிழங்கு சங்கிலி கட்டாமல் ஒவ்வொரு கொடி நுனியிலும் ஒன்றே ஒன்று இருந்தால் அது மஞ்சள் கோரை என்ற இன்னொரு சாதி. அதன் கிழங்கு இனிக்கும், நம்முடையது கசக்கும். புல்லா கோரையா என்ற இந்த வித்தியாசம் தெரியாததால் கடையில் விரயமாகிற காசு கொஞ்சமல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு செடியைப் பிடுங்காமல், சுற்றிலும் அரையடி விட்டு ஒரு அடி ஆழத்துக்கு மம்மட்டியால் மண்ணோடு பெயர்த்தெடுங்கள். கட்டியை வாளித் தண்ணீரில் ஊறவிட்டு மெதுவாகக் கழுவுங்கள். தண்டின் அடியில் சின்ன வெங்காயத் தாள் போல ஒரு பருத்த இடம் இருக்கும். கையால் பிடுங்கும்போது அறுபடுவது அதற்குக் கீழேதான். தழை கையோடு வரும், மீதி மண்ணில் நிற்கும். பருத்த இடத்திலிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு கொடி ஓடும். முற்றினால் அதுவே கறுத்துக் கம்பியாகிவிடும். அதன் வழியில் புளியங்கொட்டை அளவில் ஒரு கிழங்கு, அதிலிருந்து மறுபடி கொடி, மறுபடி கிழங்கு. மேலே தனித்தனியாக நிற்கிற ஏழெட்டுச் செடிகள் கீழே ஒரே மாலையாக இருப்பதைப் பார்க்கலாம். கிழங்கை நகத்தால் கீறினால் மருந்து வாசம் அடிக்கும். கத்தியால் பிளந்தால் உள்ளே வெள்ளையாக இருப்பது உயிருள்ளது. பழுப்பேறி உலர்ந்து கிடப்பது செத்தது. இந்தச் சோதனை பின்னால் பலமுறை தேவைப்படும்.

கோரையின் தந்திரம் முழுவதும் அந்த மாலையில் இருக்கிறது. மாலை அறுபடாத வரை நுனிக் கிழங்கு முளைக்கும், நடுவில் உள்ளவை பெரும்பாலும் தூங்கும். மாலையை அறுத்துவிட்டால் தூங்கிய கிழங்கெல்லாம் விழித்துக்கொள்ளும். ஒரு கிழங்கில் பல மொட்டுகள் உண்டு, ஒன்று போனால் இன்னொன்று கிளம்பும். சுழல் கத்திக் கலப்பையான ரோட்டவேட்டர் ஓட்டிய காட்டில் கோரை நாலு மடங்கு அடர்த்தியாக வருவதற்குக் காரணம் இதுதான். கத்தி மாலையை நறுக்கி, கிழங்கை மூலை முடுக்கெல்லாம் பரப்பி, மண்ணைப் பொலபொலப்பாக்கி நட்டுவிட்டுப் போகிறது. ஓட்டிய அன்று காடு கோயில் முற்றம் மாதிரி இருக்கும். பத்து நாள் கழித்துப் பார்த்தால்தான் தெரியும். ரோட்டவேட்டரே கூடாது என்று சொல்லவில்லை. அறுத்த மாலை முளைத்ததும் திரும்பத் திரும்ப அறுக்க முடிந்தால் அதுவே நல்ல ஆயுதம். ஒரே ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு விதைப்பதுதான் கெடுதல்.

கோரையின் விதையைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், அது முளைப்பது அரிது. நம் காட்டில் பெருகுவது கிழங்கால்தான். அதனால் எண்ண வேண்டியதும் கிழங்கைத்தான். ஏக்கருக்கு ஐந்து இடத்தில் ஒரு சதுர அடி, 15 செ.மீ. ஆழம் தோண்டிச் சலித்து, வெள்ளை உள்ள கிழங்கை மட்டும் எண்ணி நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். பெரும்பாலான கிழங்கு அந்த 15 செ.மீ.க்குள்ளேயே இருக்கும், கொஞ்சம் ஒரு அடிக்குக் கீழேயும் போகும். தழையைப் பார்த்து மதிப்பிட்டால் ஏமாந்துவிடுவோம். மருந்தடித்த வாரம் காடு வெறுமையாகத் தெரியும், அடியில் எண்ணிக்கை மாறாமல் கிடக்கும்.

இனி இருபது நாள் கணக்கு. முளை மண்ணுக்கு மேலே தெரிந்ததிலிருந்து ஐந்தாறு இலை விடும் வரை செடி வாழ்வது தாய்க்கிழங்கின் சேமிப்பில். வெயில் காலத்தில் இதற்கு இரண்டிலிருந்து மூன்று வாரம் ஆகும். அதற்குப் பிறகு இலை சம்பாதித்துக் கீழே அனுப்பத் தொடங்கும், புதுக் கிழங்கு கட்டும். அந்த மூன்று வாரத்துக்குள் வெட்டினால் கோரைக்கு நஷ்டம். அதற்குப் பிறகு வெட்டினால் நமக்குத்தான் நஷ்டம், ஏனென்றால் புதுக் கிழங்கு உருவாகிவிட்டது. ஒரு மாதத்துக்கு ஒரு தடவை ஆள் விட்டுக் களை எடுப்பவர்கள் வருஷக்கணக்கில் கோரையை வளர்க்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும். மழை, கூலி, திருவிழா என்று இரண்டு நாள் தள்ளிப் போவது சகஜம். அதனால் பதினைந்தாம் நாளுக்குத் திட்டமிடுங்கள், பதினெட்டைத் தாண்ட விடாதீர்கள். செம்பழுப்புப் பூத்தண்டு கண்ணில் பட்டால் அந்தச் சுற்று தோற்றுப்போனது என்று வைத்துக்கொள்ளலாம்.

வெற்றுக்காட்டில் இதைச் செய்ய வசதியான காலம் மாசியிலிருந்து சித்திரை வரை. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழை மறைவு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் வறண்ட காற்று, கொளுத்துகிற வெயில் என்று எல்லாமே நமக்குச் சாதகம். தண்ணீர் இல்லாத காடு என்றால் காய்ச்சல் முறை, அதாவது கிழங்கை வெயிலில் காயவைத்துக் கொல்வது. இறக்கைக் கலப்பையாலோ சட்டிக் கலப்பையாலோ 20 முதல் 25 செ.மீ. ஆழம் புரட்ட வேண்டும். கரிசல் மண்ணில் பதம் பார்ப்பது முக்கியம். ஈரம் அதிகமானால் வழுவழுவென்று பாளமாகப் புரளும். முழுக்கக் காய்ந்துவிட்டால் கலப்பை இறங்காது. ஓட்டியதும் கட்டியை உடைக்காமல் அப்படியே வெயிலில் விடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் குறுக்கே ஒன்பது கொத்துக் கலப்பை ஓட்டினால் கட்டி உடைந்து கிழங்கு மேலே வரும். மேலே வந்த கிழங்கு பத்துப் பதினைந்து நாள் வெயிலில் கிடந்து சுருங்கினால் செத்துவிடும். பிளந்து பார்த்துக்கொள்ளலாம்.

இதில் இரண்டு தவறு நடக்கும். பெரிய கட்டிக்குள் ஈரம் நிற்கும், அதற்குள் இருக்கும் கிழங்கு சௌக்கியமாக உயிரோடு இருக்கும். அதனால்தான் அந்தக் குறுக்கு ஓட்டு, அதைத் தவிர்த்தால் முதல் ஓட்டின் டீசல் வீண். இன்னொன்று கோடை மழை. பாதிக் காய்ச்சலில் ஒரு நல்ல மழை விழுந்தால் கிழங்கு மறுபடி தண்ணீர் குடித்துத் தேறிவிடும், நாளைப் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். பொறுக்கிய கிழங்கை வரப்பில் குவிக்காதீர்கள், குப்பைக்குழியிலும் போடாதீர்கள். சாதாரணக் குப்பைக்குழியில் சூடு போதாது, அடுத்த வருஷம் எருவோடு காட்டுக்கே திரும்பி வரும். களத்தில் பரப்பி நன்றாகக் காயவைத்துக் கொளுத்திவிடலாம்.

கிணற்றுத் தண்ணீரோ ஆழியாற்றிலிருந்து மூலத்தறை தடுப்பணை வழியாக வரும் கால்வாய்த் தண்ணீரோ இருந்தால் முளைக்கவைத்து அழிக்கும் முறை இன்னும் நம்பகமானது. காய்ச்சலில் ஆழத்துக் கிழங்கு தப்பிக்கும். இதில் அது தானாக மேலே வரும். ஓட்டிய காட்டில் ஒரு தண்ணீர் கட்டுங்கள். ஒரு வாரத்தில் முளைக்கும். தண்ணீர் கட்டிய பதினைந்தாம் நாள் 5 முதல் 7 செ.மீ. ஆழத்துக்கு மட்டும் மேலாக ஓட்டுங்கள் அல்லது கொத்துங்கள். ஆழமாகப் போனால் கீழே தூங்குவதை மேலே கொண்டுவந்து கணக்கைக் குழப்பிக்கொள்வோம். மறுபடி தண்ணீர், மறுபடி பதினைந்து நாள். நாலு சுற்றுக்கு இரண்டு மாதம் பிடிக்கும். மூன்றாவது சுற்றில் வரும் இலை ஒடுங்கி, வெளுத்து, நூல் மாதிரி இருந்தால் கிழங்கு வற்றுகிறது என்று அர்த்தம். முதல் சுற்றைப் போலவே அகலமாக, கரும்பச்சையாக வந்தால் எங்கோ நாள் தவறியிருக்கிறது. கால்வாயில் நம் தண்ணீர் முறை எப்போது வரும் என்று தெரியாமல் முதல் தண்ணீர் கட்டிவிட்டு நடுவில் மாட்டிக்கொண்டால் பாதிக் கிழங்கு முளைக்காமல் நின்றுவிடும். கிணறு கைகொடுக்கும் அளவு பரப்பில் மட்டும் தொடங்குவது நல்லது. மூன்று ஏக்கரில் அரைகுறையாகச் செய்வதைவிட ஒரு ஏக்கரில் முழுதாகச் செய்யலாம்.

அந்த நாலு சுற்று முடிந்ததும் காட்டைச் சும்மா விடாதீர்கள். கோரைக்கு வெயில் வேண்டும், நிழலில் நோஞ்சானாகிவிடும். பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதையுங்கள். சணப்பும் ஆகும். நெருக்கமாக முளைத்து மூடிக்கொண்டால் கீழே கோரை வெளிறிப்போய் நிற்கும். 45ஆம் நாள், பூ எடுக்கும்போது மடக்கி உழலாம். இடைவெளி விழுந்த இடங்களில் மட்டும் கோரை கொத்தாக நிற்பதைப் பார்க்கலாம். அந்த இடங்களைக் குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொண்டால் அடுத்த வேலை மிச்சம்.

அடுத்து என்ன பயிர் வைப்பது என்பதில்தான் நம் பக்கம் அதிகமாகச் சறுக்குகிறோம். விலை இருக்கிறது என்று கோரைக்காட்டில் சின்ன வெங்காயம் நடுகிறோம். வெங்காய இலை நேராக நிற்பது, நிழலே தராது. கொத்தினால் காய் அடிபடும், கையால் பிடுங்கினால் கிழங்கு நிற்கும். பூண்டு, கேரட், நாற்றங்கால் எல்லாம் இதே கதி. கிழங்குப் பயிர் என்றால் இன்னொரு வேடிக்கை உண்டு. உருளைக்கிழங்கை எடுத்தால் கோரை முளை ஊசி மாதிரி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்திருக்கும். முதல் வருஷம் மக்காச்சோளத்தை நெருக்கி நட்டு இடையில் தட்டைப்பயறு போடலாம், சர்க்கரைவள்ளி படரவிடலாம். வேகமாக மூடுகிற எதுவும் நல்லது. நெல் போட்டால் சேற்றிலும் நின்ற தண்ணீரிலும் கோரை அடங்கிக் கிடக்கும். செத்துப்போனது என்று நினைத்து அடுத்த போகம் கடலை போட்டால் வட்டியோடு வரும். கிழங்கு தண்ணீருக்கடியில் தூங்கக் கற்றது.

காய்கறித் தோட்டத்தில் நிலப்போர்வை போட்டால் கோரை நின்றுவிடும் என்று நம்பிச் செலவு செய்பவர்கள் உண்டு. 25, 30 மைக்ரான் கறுப்புப் பிளாஸ்டிக் தாளை அது குத்திக் கிழித்துக்கொண்டு வரும். காரணம் இதுதான். இருட்டில் இலைகள் விரியாமல் ஒன்றாகச் சுருண்டு கூர்முனையாகவே மேலே போகும். வெளிச்சம் பட்ட பிறகுதான் விரியும். ஒளி புகுகிற தெளிந்த தாளுக்கடியில், தாளுக்கும் மண்ணுக்கும் கொஞ்சம் இடைவெளி இருந்தால், இலை உள்ளேயே விரிந்துவிடுவதால் குத்தும் முனை போய்விடும். அதனால் கோடையில் நாற்றங்கால் பாத்திக்கு மண் வேகவைக்கத் தெளிந்த தாள்தான் போட வேண்டும். நனைத்து, ஓரத்தை மண்ணால் மூடி, 40 நாள் விட்டால் மேல்மண்ணில் உள்ள கிழங்கு வெந்துவிடும். ஆழத்தில் இருப்பது தப்பிக்கும். பந்தல் பாகலுக்கும் தக்காளிக்கும் கறுப்புத் தாள் போடுவதற்கு முன்னால் இரண்டு சுற்றாவது முளைக்கவைத்து அழித்துவிடுங்கள், அல்லது நெய்த களைப்பாய் வாங்குங்கள். தென்னை வட்டத்தில் மட்டையும் நார்க்கழிவும் போடுவது ஈரத்துக்கு நல்லது, கோரைக்குத் தடையே இல்லை.

இப்போது மருந்து. கடலைக்கு விதைத்த மூன்று நாளுக்குள் அடிக்கிற பென்டிமெத்தலின் விதையில் முளைக்கும் களைக்கானது. கிழங்கு அதைச் சட்டை செய்யாது. குவிசாலோபாப் போன்ற "புல் மருந்து" புல் குடும்பத்தை மட்டும் கொல்லும். கோரை புல் இல்லை. அருகம்புல் கருகி, நடுவில் கோரை தெம்பாக நிற்கும், கடைக்காரரைத் திட்டிக்கொண்டு நிற்போம். 2,4-டி தழையைக் கருக்கும், கிழங்கு மறுபடி முளைவிடும். கடலையில் இமாசிதாபிர் 10% ஏக்கருக்கு 400 மி.லி., களை இரண்டு மூன்று இலையில் இருக்கும்போது அடித்தால் கோரையை அடக்கும். கொல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அடுத்த பயிருக்கு அது மண்ணில் தங்கும் காலத்தை லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோரைக்கென்றே உருப்படியான மருந்து ஹாலோசல்பியூரான் மீத்தைல் 75% குருணை. கரும்பில் ஏக்கருக்கு 36 கிராம். வேறு பயிர் என்றால் வாங்கும் டப்பா லேபிளில் அந்தப் பயிரின் பேர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். பருத்தி போன்ற அகன்ற இலைப் பயிர் மேல் பட்டால் கெட்டுவிடலாம். 16 லிட்டர் டேங்க் பத்து என்று கணக்கு வைத்தால் டேங்குக்கு 3.6 கிராம் வரும். மூடியில் அளந்தால் தப்பாகத்தான் போகும். 36 கிராமையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு டேங்குக்கும் நன்றாகக் கலக்கி 100 மி.லி. ஊற்றினால் தராசே வேண்டாம். கோரை மூன்றிலிருந்து ஆறு இலையில், மண் ஈரத்தில், செடி துடிப்பாக இருக்க வேண்டும். வாடி நிற்கும் கோரைக்கு அடித்த மருந்து கிழங்குக்கு இறங்காது. முதல் வாரம் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு மஞ்சளாகி, இரண்டு மூன்று வாரத்தில் காயும். ஐந்தாம் நாளே பொறுமை போய் மறுபடி அடிப்பதும், உடனே கொத்திவிடுவதும் காசைக் கரியாக்கும் வேலை. தழையைக் கொத்திவிட்டால் மருந்து கீழே போக வழியே இல்லை.

கிளைபோசேட் பற்றிக் கேட்பார்கள். கேரளத்தில் 2019லேயே தடை. 2022 அக்டோபரில் மத்திய அரசு, உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களைத் தவிர யாரும் அடிக்கக் கூடாது என்று கட்டுப்படுத்திவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்கி வண்டியில் வைத்துக் கொண்டுவந்து சித்தூர்ப் பக்கம் அடிப்பது சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், காற்றடிக்கிற நம் பக்கத்தில் பக்கத்துத் தோட்டக் காய்கறிமேல் சாரல் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். கேரள அரசின் வேளாண் அலுவலகமான கிருஷிபவனில் கேட்டால் அந்தந்தப் பயிருக்கு அனுமதி உள்ளதைச் சொல்வார்கள்.

கிழங்கு எண்ணிக்கை குறைந்த பிறகு உள்ளே வரும் வழிகளை அடைக்க வேண்டும். வாடகை டிராக்டர் கோரைக்காட்டில் ஓட்டிவிட்டு நேராக நம் காட்டுக்கு வந்தால் கொத்து இடுக்கில் மண்ணோடு கிழங்கும் வரும். முதல் ஓட்டு நம் காட்டில் வரும்படி பேசிக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் மடைத் தண்ணீரில் கழுவிவிட்டு இறக்குங்கள். தென்னங்கன்று வாங்கினால் பையைக் கிழித்து மண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடுங்கள். குளத்து வண்டல் அடித்தால் ஒரு மூலையில் கொட்டித் தண்ணீர் தெளித்து இரண்டு வாரம் பார்த்துவிட்டுப் பரப்புங்கள். வாய்க்கால் தூர் வாரும்போது அந்த மண்ணை வரப்பு மேல் போடுவதுதான் வழக்கம். வாய்க்கால் கரை முழுக்கக் கோரைதான் நிற்கிறது, வரப்பிலிருந்து காட்டுக்குள் இறங்க அதற்கு ஒரு மழை போதும். தூர் மண்ணைத் தார்ப்பாய் விரித்து வாங்கிப் பாதையோரக் குழியில் தள்ளுங்கள். வரப்போரம் இரண்டடி அகலத்துக்கு மட்டும், பயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பதினைந்து நாளைக்கு ஒருமுறை களைக்கொத்தோடு ஒரு சுற்று வந்துவிடுங்கள்.